விதி உள்ள வீடு

சாவிக்காரர் பிறந்ததிலிருந்து ஒரு சிகரெட்டைக்கூட உதட்டில் வைத்துப் பார்த்தவர் இல்லை. அந்த ஒரு நல்ல பழக்கம்தான் அவரை இயக்ககத்தின் கையில் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கடைக்குக் கிளம்பியவர் ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்துவிட்டு மற்ற செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள்.

"இந்த வீட்ல புகைபிடிக்காத பெரியவங்க யாராவது இருக்காங்களா சார்?"

"நான் இருக்கேன். என் வீட்டுக்காரி இருக்கா."

"ரெண்டு பேர்ல யாரோட பிறந்தநாள் முதல்ல வருது?"

மனைவியின் பிறந்தநாள் எந்த மாதம் என்பது சாவிக்காரருக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறாள் என்று புரிந்தது. "என்னோடதுதான்" என்று சொல்லித் தப்பித்தார். அப்படித்தான் அவர் தேர்வானார்.

வந்தவள் இல்லப் புகைவிதி அளவீட்டு இயக்ககத்தின் கிழக்கு மண்டலத்துக் கணக்கெடுப்பாளர். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் கிழக்கு மண்டலம், அந்தப் பக்கம் மேற்கு. அவள் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்துப் படித்தாள்.

"உங்க வீட்டுக்குள்ள புகைபிடிக்கிறது சம்பந்தமா என்ன விதி இருக்கு? எங்கயும் கூடாது, சில இடத்துல மட்டும் பிடிக்கலாம், எங்க வேணா பிடிக்கலாம், விதியே இல்ல. நாலுல ஒண்ணு சொல்லுங்க."

அவளுக்கு எதிரே, கூடத்தில், பிரம்பு நாற்காலியில் அண்ணன் அன்றைய மூன்றாவது சிகரெட்டைப் பற்றவைத்திருந்தார். புகை மெதுவாக மிதந்து வந்து, அவள் முகத்தைச் சுற்றிவிட்டு, தெருவுக்குப் போயிற்று. அவள் டேப்லெட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கையால் விசிறிக்கொண்டாள்.

"விதின்னு ஒண்ணும் இல்லம்மா. அண்ணன் பிடிப்பார்."

"அண்ணனை நான் கேக்கலையே சார். அவர் எங்க ஆய்வுல வர மாட்டார். புகைபிடிக்காதவங்களை மட்டும்தான் நாங்க கேப்போம்."

"பிடிக்கிறவர் அவர்தானேம்மா?"

"அதனாலதான் சார். பிடிக்கிறவங்களைக் கேட்டா எண்ணிக்கை கெட்டுப்போயிடும்."

நான்காவது கட்டத்தைத் தொட்டுவிட்டு, நன்றி சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். செருப்பு நாற்காலிக்கு அடியில் கிடந்தது. அண்ணன்தான் எடுத்துக் கொடுத்தார்.

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சாவிக்காரருக்கு ஒன்பது வயது மூத்தவர். அப்பா போனபோது தம்பிக்கு வயது பதினொன்று. அண்ணன் ஒரு பேச்சுப் பேசாமல் லாரியில் ஏறினார். முப்பத்தைந்து வருஷம் ஓட்டினார். தம்பியைப் படிக்க வைத்தார், தொழில் கற்க வைத்தார், கல்யாணம் செய்து வைத்தார். தனக்கென்று மட்டும் எதுவும் செய்துகொள்ளவில்லை. ஓட்டும்போது கண் சொக்காமல் இருப்பதற்காகச் சிகரெட்டைப் பிடித்தார். இப்போது விழித்திருந்து செய்யவேண்டிய வேலை எதுவும் இல்லை. லாரி போய்விட்டது, சிகரெட் தங்கிவிட்டது.

சாவிக்காரரின் மகளுக்கு ஏழு வயது. பெயர் பள்ளிக்கூடத்தில் வேறு, வீட்டில் சிட்டு. அவளுக்கு இழுப்பு இருந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் யாரோ மெல்லச் சீட்டியடிப்பது போலக் கேட்கும். ஊரில் எந்தப் பூட்டையும் இரண்டு நிமிஷத்தில் திறந்துவிடுகிற மனிதர், 'அண்ணே, வெளியே போய்ப் பிடிங்க' என்று சொல்லத் தன் வாயை ஏழு வருஷமாகத் திறக்க முடியாமல் இருந்தார். சோறு போட்ட கையில் இருப்பதைத் தட்டிவிட எப்படி மனம் வரும்?

இருபது நாள் கழித்து இயக்ககத்திலிருந்து கடிதம் வந்தது. 'தாங்கள் விதியற்றவர் என்று எமது பதிவேட்டில் காணப்படுவதால், நேரில் வந்து விளக்கமளிக்கவும்.'

மனைவி அதை இரண்டு முறை படித்தாள். "விதியத்தவர்னு சொல்ல ஒரு ஆபீஸா? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றாள்.

இயக்ககம் மூன்றாவது மாடியில் இருந்தது. சுவர்கள் பளிச்சென்று இருந்தன. மேசைகளில் ஒரு தூசி இல்லை. அங்கே வேலை பார்க்கிற ஒருவருக்கும் எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது என்று வாசல் பலகையே சொன்னது. துணை இயக்குநரின் அறையில், நூற்றுக்கு எத்தனை வீட்டில் விதி இருக்கிறது என்று காட்ட இரண்டு பெரிய கம்பங்கள் வரைந்து மாட்டியிருந்தார்கள். மேற்கு எழுபத்தெட்டுப் புள்ளி நான்கு. கிழக்கு எழுபத்தொன்றில் இருந்தது. அதைக் கறுப்பு மையால் அடித்து எழுபது என்று எழுதியிருந்தது. மை இன்னும் புதிதாக இருந்தது.

"நீங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று துணை இயக்குநர் கேட்டார்.

"சாவி போடுறவன் சார்."

"இல்ல. நீங்க நாலாயிரத்து இருநூத்திப் பதினெட்டு பேர்."

சாவிக்காரர் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டார்.

"ஒவ்வொரு வீடா ஏறி இறங்க முடியுமா? சீட்டுக் குலுக்கி எடுத்த மாதிரி சில பேரை எடுப்போம். ஒவ்வொருத்தரும் ஆயிரக்கணக்கான பேருக்காகப் பேசுறாங்க. அது எவ்வளவு பெரிய பொறுப்பு! நீங்க அன்னிக்குச் செருப்பைத் தேடிக்கிட்டே 'விதி இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்க. அந்த நிமிஷம் நாலாயிரத்து இருநூத்திப் பதினெட்டு வீட்ல விதி போச்சு. பிள்ளைகுட்டியோட நிம்மதியா இருந்த வீடுங்க."

சாவிக்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. முன்பின் தெரியாத அத்தனை குடும்பங்களிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது.

"தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாங்க" என்று துணை இயக்குநர் தொடர்ந்தார். குரல் தழுதழுத்தது. "ரெண்டு பக்கமும் ஒரே காத்து, ஒரே தண்ணி. ஆனா அவங்களுக்கு விதி இருக்கு, நமக்கு இல்ல."

"அந்தப் பக்கம் புகை கம்மியா சார்?"

"புகையா?" அவர் அந்தச் சொல்லை எங்கேயோ கேள்விப்பட்டவர் போல யோசித்தார். "புகையை நாங்க அளக்கிறதில்ல. அதுக்குக் கருவியெல்லாம் வேணும். விதியை அளக்க வாய் போதும்."

"சார், உங்க ஆளுங்க யாராவது வந்து அண்ணன்கிட்ட பக்குவமா ஒரு வார்த்தை சொன்னா..."

"ஐயையோ! அது தலையீடு. நாங்க நிறுக்கிறவங்க. நிறுக்கிறவன் சரக்குல கை வைக்கக் கூடாது."

"அப்போ என்னை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?"

"தராசைச் சரிபண்ணலாமே. நீங்க தராசு."

தராசைச் சரிபண்ணுவதற்கு ஒருநாள் பயிற்சி இருந்தது. 'விதியற்ற குடும்பத்தினருக்கான பயிலரங்கு' என்று மேடையில் துணி கட்டியிருந்தார்கள். முப்பது முப்பத்தைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சி கொடுத்த அம்மாள் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னாள். "உங்க வீட்டுக்குள்ள ஒரு விதி நுழையுது. அதை உள்ள கூப்பிடுங்க. உக்கார வைங்க" என்றாள். சாவிக்காரரும் கூப்பிட்டார். உள்ளே வந்த விதி உட்கார இடம் தேடியது. இருந்த ஒரே நாற்காலியில் அண்ணன் இருந்தார்.

பின்வரிசையிலிருந்து ஒரு தபால்காரம்மா எழுந்து கேட்டாள்: "என் மாமனார் படுக்கையிலயே பிடிக்கிறார். ரெண்டு தடவை போர்வை எரிஞ்சுபோச்சு. அவர்கிட்ட எப்படிங்க சொல்றது?"

"நல்ல கேள்வி" என்றாள் பயிற்சி அம்மாள். "சொல்றதுங்கிறது ரெண்டாம் கட்டம். அதுக்கு மேலிடத்துல இன்னும் அனுமதி வரல. இன்னிக்கு முதல் கட்டம். விதியை வெச்சுக்கிறது மட்டும்."

"யாருக்கும் சொல்லாமலா?"

"மனசுக்குள்ள உறுதியா வெச்சுக்கணும். விதிங்கிறது அவங்கவங்க தனிப்பட்ட விஷயம் இல்லையா?"

சாயங்காலம் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வீட்டிலுள்ள புகைபிடிக்காத பெரியவர்கள் மட்டும் போட வேண்டும். மனைவிக்காகவும் வீட்டுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். புகைபிடிப்பவரின் பெயருக்கு எதிரே 'பொருந்தாது' என்று முன்பே அச்சடித்திருந்தது. கூடவே ஒரு சான்றிதழும், நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்துப் பலகையும் கிடைத்தன: 'இது புகையற்ற விதி உள்ள இல்லம்.'

பலகையைக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்பது உத்தரவு. கூடத்தில் ஒரே ஓர் ஆணிதான் இருந்தது. அது அண்ணனின் நாற்காலிக்கு மேலே இருந்தது. சாவிக்காரர் ஸ்டூலில் ஏறினார். ஸ்டூல் ஆடியது. அண்ணன் எழுந்து வந்து, உதட்டில் சிகரெட்டை இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

"இடது பக்கம் கொஞ்சம் தூக்குடா... ம், போதும்." பின்னால் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் படித்தார். "நல்லா இருக்கே. யாரு குடுத்தா?"

"ஆபீஸ்ல குடுத்தாங்கண்ணே."

"உனக்கா? பரவால்லடா. இந்தக் காலத்துல ஒரு பழக்கமும் இல்லாம இருக்கிறது லேசா? அதுக்கு மரியாதை பண்ணியிருக்காங்க." தம்பியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவர் கண்ணில் உண்மையான பெருமை இருந்தது.

சாவிக்காரர் ஸ்டூலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். மனைவி திரும்பிப் பார்க்கவில்லை.

"மாட்டியாச்சா?"

"மாட்டியாச்சு."

"புகைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியுமான்னு கேட்டீங்களா உங்க ஆபீஸ்ல?"

இரண்டு வாரம் போயிற்று. அடைமழை. சன்னலெல்லாம் சாத்தியிருந்தது. காலையில் பள்ளிக்கூடத்துக்குத் தலைவாரிக்கொண்டிருந்த சிட்டு சீப்பைக் கீழே போட்டுவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். உதடு நீலம் பாரித்தது. சாவிக்காரர் ஆட்டோ தேடித் தெருவுக்கு ஓடினார். அவர் ஆட்டோவோடு திரும்புவதற்குள் அண்ணன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு, மழையில் பாதி வழி போயிருந்தார்.

ஆஸ்பத்திரியில் மூச்சுக்கவசம் வைத்து மருந்தை ஆவியாகச் செலுத்தினார்கள். அரை மணி நேரத்தில் சீட்டிச் சத்தம் அடங்கியது. டாக்டர் இளவயதுக்காரி. தூங்கி இரண்டு நாளானவள் போலிருந்தாள். "வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?" என்று கேட்டாள்.

சாவிக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் பக்கத்துக் கணினியில் இருந்த நர்ஸ் சொன்னாள்: "விதி உள்ள இல்லம் டாக்டர். சான்று இருக்கு."

"இல்ல டாக்டர், என் அண்ணன் கூடத்துல..."

"நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்று நர்ஸ் திரையைத் திருப்பிக் காட்டினாள். மனைவியின் கையெழுத்தும் பக்கத்தில் இருந்தது.

டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்குத் தெரியுதுங்க. குழந்தை தலைமுடியிலயே அந்த வாடை அடிக்குது. ஆனா காரணம்கிற இடத்துல நான் புகைன்னு போட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. சிவப்பா வந்து நிக்கும். 'வேறு காரணம் கண்டறிக'ன்னு போட்டாத்தான் மருந்து தர முடியும்."

வெளியே பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மடியில் சிட்டுவின் செருப்புகளை வைத்துக்கொண்டு, அதிலிருந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குள் இருந்த மூன்று மணி நேரமும் அவர் ஒரு சிகரெட்கூடப் பிடிக்கவில்லை. சாவிக்காரர் அதைக் கவனித்தார்.

வேறு காரணத்தைக் கண்டறிய மறு வாரம் ஓர் அலுவலர் வந்தார். கையுறை, முகமூடி, ஒரு பெரிய பை. அண்ணன் எழுந்து தம் நாற்காலியைக் கொடுத்தார். அலுவலர் முக்காலியில் இருந்த சாம்பல் கிண்ணத்தை மரியாதையாக ஓரம் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் காகிதத்தைப் பரப்பினார்.

"வீட்ல பூனை உண்டா?"

"இல்லிங்க."

"புறா வந்து உக்காருதா?"

"இல்லிங்க."

"கம்பளி? பழைய பஞ்சு?"

அப்போது அவர் கண் சிட்டுவின் மேல் விழுந்தது. அவள் ஒரு துணி முயலைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள். ஒரு காது பிய்ந்து, திரும்பத் தைத்த முயல். அலுவலர் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். முகமூடி போட்டிருந்ததால் எவ்வளவு முகர முடிந்ததோ தெரியாது. பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டினார். காகிதத்தில், 'உத்தேசக் காரணம்: முயல்' என்று எழுதினார்.

சிட்டு சத்தம் போட்டு அழவில்லை. சத்தம் போட்டால் மூச்சு வாங்கும் என்று அவளுக்குத் தெரியும். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வந்தது.

அண்ணனுக்குத் தாங்கவில்லை. "ஏய்யா, ஒரு குழந்தையோட பொம்மையைப் பிடுங்கிட்டுப் போறியே, உனக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?" என்று கத்தினார். கத்தும்போது வாயிலிருந்து புகையும் சேர்ந்து வந்தது.

அன்று மத்தியானமே சாவிக்காரர் சான்றிதழைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இயக்ககத்துக்குப் போனார்.

"இதைத் திருப்பி எடுத்துக்கோங்க சார். எங்க வீட்ல விதி இல்ல."

துணை இயக்குநர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து கட்டிக்கொண்டார். சுவரில் கிழக்குக் கம்பம் எழுபத்தொன்பதுக்கு ஏறியிருந்தது. "ஜெயிச்சாச்சு! உங்க தெருவில இருந்து மட்டும் எத்தனை விதி தெரியுமா? அத்தனையும் உங்களைப் பார்த்து வந்தது. வெள்ளிக்கிழமை கேடயம். நீங்க மேடைல இருக்கணும். விதியத்து நின்னு விதி பெற்றவர்னு உங்களைத்தான் பேர் குடுத்திருக்கோம்."

"சார், நான் ரத்து பண்ண வந்தேன்."

"விதியை வாங்கப் படிவம் இருக்கு. குடுக்கப் படிவம் இல்லியே" என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல."

வெள்ளிக்கிழமை சாவிக்காரர் போனார். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் மேடை, ஒலிபெருக்கி, பெரிய மனிதர்கள்; அங்கே ஒரு வார்த்தை சொன்னால் யார் காதிலாவது விழாதா என்று ஒரு நப்பாசை.

கிழக்கு மண்டலத்தின் தலைமை இயக்குநர் பேசினார். வெள்ளைச் சட்டை, வெண்கலக் குரல்.

"மேற்கு மண்டலத்து நண்பர்கள் நம்மைவிட முன்னால் இருந்தார்களாம். எப்படி இருந்தார்கள்? அங்கே புகைபிடிப்பவர்களே குறைந்துபோய்விட்டார்கள்! பிடிக்கிற ஆளே இல்லாத வீட்டில் விதி இருந்து என்ன பெருமை? பல் இல்லாதவன் முறுக்கு தின்ன மாட்டேன் என்று சபதம் எடுத்த கதை! நம் மண்டலத்தைப் பாருங்கள். புகை மண்டிக் கிடக்கிற வீட்டில், கண் எரிகிற வீட்டில், குழந்தை இருமுகிற வீட்டில், அங்கேயும் விதி இருக்கிறது! புகையால் அதை அசைக்க முடிந்ததா? புகை ஒரு நாள் குறையலாம், கூடலாம். விதி குறையாது!"

கைத்தட்டல் அடங்கப் பொறுத்திருந்து, சாவிக்காரரை ஒலிபெருக்கியின் முன் நிறுத்தினார்கள்.

"ஐயா... எங்க வீட்ல இன்னும்..."

"இன்னும் இருக்கிறது என்கிறார்!" என்று தலைமை இயக்குநர் ஒலிபெருக்கியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "விதி இன்னும் இருக்கிறது! கேளுங்கள், ஒரு சாமானியரின் வாயால் கேளுங்கள்!"

கேடயத்தைக் கையில் திணித்துப் படம் எடுத்தார்கள். படத்தில் சாவிக்காரர் அழுவது ஆனந்தக் கண்ணீர் என்று மறுநாள் செய்தி வந்தது.

கேடயத்தை மனைவி கையில் வாங்கிப் பார்த்தாள். கனமாகத்தான் இருந்தது. அடுப்பு மேடையில், எண்ணெய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதை அவ நெஞ்சுல வெச்சா மூச்சு வருமா?" என்றாள். கோபமில்லாமல் கேட்டாள், அதுதான் சாவிக்காரரைக் கலக்கியது. "ஊர் முன்னாடி மைக்ல பேசப் போனீங்க. பத்தடி தள்ளி நாற்காலியில உக்காந்திருக்கார். அவர்கிட்ட போய்ப் பேசக் கால் வரல. நான் சொல்லிடுவேன். ஆனா நான் சொன்னா அது சண்டை. நீங்க சொன்னாத்தான் அது பேச்சு."

அவர் கூடத்துக்குப் போனார். அண்ணன் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அண்ணே."

"சொல்லு."

"சிட்டுக்கு இழுப்பு வர்றது... உங்க சிகரெட்டாலதாண்ணே."

ரேடியோவில் யாரோ வானிலை சொன்னார்கள். அண்ணன் அதை நிறுத்தினார். கையிலிருந்த சிகரெட்டைப் பார்த்தார், தலைக்கு மேலே இருந்த பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தப் போர்டு எனக்கா?"

"ஆமாண்ணே."

"நான்தானேடா ஸ்டூலைப் பிடிச்சேன்." சிகரெட்டைக் கிண்ணத்தில் நசுக்கினார். "அவ பொறந்து ஏழு வருஷம் ஆச்சு. ஊர்ல இருக்கிற ஆபீஸுக்கெல்லாம் போய்ச் சொல்லியிருக்கே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன உன்னை அடிச்சா வளர்த்தேன்?"



அன்றிலிருந்து அண்ணன் தெருமுனைக்குப் போய்ப் பிடித்தார். ஒருநாள், இரண்டு நாள், ஐந்து நாள். சிட்டு இரண்டு இரவு சீட்டி இல்லாமல் தூங்கினாள். ஆறாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அண்ணனுக்கு முழங்கால் வலி. சாயங்காலம் சாவிக்காரர் கடையிலிருந்து வந்தபோது அண்ணன் நாற்காலியில் இருந்தார். சிகரெட்டை உள்ளங்கைக்குள் மறைத்திருந்தார். விரலிடுக்கு வழியாகப் புகை கசிந்தது. அறுபத்தொரு வயது மனிதர், திருட்டுத்தனமாகப் பிடித்து அகப்பட்டுக்கொண்ட பள்ளிப் பையனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாப்பது வருஷப் பழக்கம்டா. கை தானா போகுது."

சாவிக்காரர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் ஒருவேளை நன்றாக இருந்திருக்கும்.

மாத முடிவில் அவர் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைக்குக் குடிபோனார். பழைய பூட்டுகளும் இரும்புத் தூளும் போட்டு வைத்திருந்த அறை. கடை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. மூட்டை முடிச்சுகளை வண்டியில் ஏற்றியது அண்ணன்தான். ஏற்றிக் கயிறு கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சிட்டுவின் படுக்கைச் சுருளை மட்டும் இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினார்.

மூன்றாம் நாள் துணை இயக்குநர் கடைக்கு மூச்சிரைக்க வந்தார். "இப்படிப் பண்ணிட்டீங்களே! எங்க விதியைத் தூக்கிக்கிட்டு மேற்குக்கு வந்துட்டீங்களே! இவங்க உங்களைப் புது விதின்னு எழுதிக்கிட்டாங்க."

"குழந்தைக்கு மூச்சு விட முடியல சார்."

"அதுக்காக மண்டலம் மாறுவாங்களா?" என்றார் அவர். ஒரு பேச்சுக்கு, 'இப்போ எப்படி இருக்கா' என்று கேட்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

ஆனால் பத்து நாளில் அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் தேன் வழிந்தது. "நான் அன்னிக்கு அவசரப்பட்டுட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தா நீங்க போனது நல்லதாப் போச்சு. இப்போ அந்த வீட்ல யாரு இருக்கா? உங்க அண்ணன் மட்டும். அவர் பிடிக்கிறவர். பிடிக்காதவங்க ஒருத்தரும் இல்லாத வீடு எங்க கணக்குலயே வராது. அந்த வீடே இல்லைன்னு வெச்சுக்கோங்க. மிச்ச வீடுகள்ல எல்லாம் விதி இருக்கு. உங்க தெரு நூத்துக்கு நூறு! கிழக்கு மண்டலத்துலயே முதல் தெரு!"

தெருவின் நடுவே, அண்ணன் வீட்டுக்கு நேர் எதிரே, வளைவு கட்டித் திறந்தார்கள். 'முழுமையான புகையற்ற விதித் தெரு' என்று தங்க நிற எழுத்து. திறப்பு விழாவுக்குச் சாவிக்காரருக்கும் அழைப்பு வந்தது. அவர் போகவில்லை. மறுநாள் மத்தியானம், மனைவி அடுக்குக் கேரியரில் சாப்பாடு போட்டுக் கொடுத்தாள். எடுத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டிப் போனார்.

அண்ணன் உள்ளே இல்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். விரலிடையில் சிகரெட். திறந்திருந்த கதவு வழியாகக் கூடம் தெரிந்தது. பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது. முக்காலியில் சாம்பல் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"ஏண்ணே வெயில்ல உக்காந்திருக்கீங்க?"

"உள்ள இருக்க முடியலடா. வெறிச்சோடிக் கிடக்கு. நீங்க போனதுல இருந்து அங்க உக்காந்து பத்தவைக்கவே தோணல." தலையால் வளைவைக் காட்டினார். "நேத்து வந்து இதைக் கட்டிட்டுப் போனாங்க. நான் இங்கயேதான் உக்காந்திருந்தேன். ஒருத்தனும் என்னைக் கண்டுக்கல."

சாவிக்காரர் பக்கத்தில், அதே படியில் உட்கார்ந்தார். கேரியரை இருவருக்கும் நடுவில் வைத்தார்.

"சிட்டுக்கு எப்படி இருக்கு?"

"பரவால்லண்ணே. இந்த மாசம் ஒரு தடவைகூட வரல."

அண்ணன் தலையாட்டினார். பிறகு, தம்பி கேட்காமலே, சிகரெட் இருந்த கையை மாற்றி, தம்பி இல்லாத பக்கமாக, தெருவைப் பார்த்து நீட்டி வைத்துக்கொண்டார்.